சுருதி நிற்காத கிட்டாருக்கு பிரிட்ஜை மாற்றினால் போதுமா?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கும் ஒரு மனக்குறை வந்துவிடும். ஆறு கம்பிகளையும் பொறுமையாக சுருதி சேர்த்து வைத்திருப்பார்கள். கிட்டாரின் உடலில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி பிரிட்ஜ். அதில் செருகியிருக்கும், சுருதியை ஏற்றி இறக்க உதவும் உலோகக் கைப்பிடியான வேமி பாரை ஒரே ஒரு தடவை அமுக்கி விடுவார்கள். அடுத்த கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கூட்டு, வாசித்தால் காது கூசும். திரும்ப சுருதி காட்டும் ட்யூனர் கருவியை எடுத்து, திரும்ப சேர்த்து, திரும்ப அமுக்கினால் மறுபடி அதே கதை. கொஞ்ச நாள் கழித்து யாராவது ஒருவர், “பிரிட்ஜை மாத்துங்க, சரியாயிடும்” என்பார்.

சில கிட்டார்களுக்கு இந்த யோசனை சரி. ஆனால் நிறைய கிட்டார்களில் குறை பிரிட்ஜில் இருப்பதே இல்லை. புது பிரிட்ஜை மாட்டிய பிறகும் அதே கம்பி அதே மாதிரி விலகும்போதுதான் அது தெரியவரும். குறை எங்கே என்று காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட முடியும். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டு, மாற்றும் வேலைக்கு அப்புறம் வருகிறேன்.

ஆடும் பிரிட்ஜ் கொண்ட கிட்டார்களில் அதிகம் புழங்குவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவம்தான். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-இல் அதை வெளியிட்டது. அதன் பிரிட்ஜுக்கான காப்புரிமை 1956-இல் கிடைத்தது. எழுபது வருடம் ஆகியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. புதிதாகக் கற்பவர்கள் வாங்கும் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலானவை இதன் நகல்களே. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த அமைப்பை வைத்தே பேசுகிறேன்.

அமைப்பு இதுதான். கிட்டாரின் முன்பக்கம் ஒரு உலோகத் தகடு. அதன் மேல் கம்பிக்கு ஒன்றாக, கம்பி உட்காரும் சிறு தாங்கிகளான ஆறு சாடில்கள். தகட்டின் முன் விளிம்பை ஆறு ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும். தகட்டுக்கு அடியில் ஒரு கனமான உலோகக் கட்டை உடலைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் இறங்கும். இதை பிளாக் என்பார்கள். கம்பிகள் இந்த பிளாக்கின் அடியிலிருந்து நுழைந்து சாடில் வழியே மேலே வரும். பின்பக்க மூடியைக் கழற்றினால் பிளாக்கோடு மாட்டிய ஸ்பிரிங்குகள் தெரியும். மூன்று இருக்கலாம், ஐந்து வரையும் இருக்கலாம். அவற்றின் மறுமுனை கிளா என்ற நகம் போன்ற தகட்டில் மாட்டியிருக்கும். அந்த கிளாவை இரண்டு நீள ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும்.

முன்னால் கம்பிகள் தகட்டை ஒரு பக்கம் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. 10–46 கம்பி செட் (முதல் கம்பி, ஆறாவது கம்பி ஆகியவற்றின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஒன்றை வழக்கமான சுருதியில் சேர்த்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 47 கிலோ. 9–42 செட் என்றால் 38 கிலோவுக்குப் பக்கம். அவ்வளவு இழுவையும் ஸ்பிரிங்குகளின் இழுவையும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. பாரை அமுக்கினால் அந்தச் சமநிலை கலைகிறது. கையை எடுத்ததும் பிரிட்ஜ் பழைய இடத்துக்கே வர வேண்டும். சுருதி நிற்பது என்றால் இதுதான்: ஒவ்வொரு கம்பியும் முன்பிருந்த அதே இழுவைக்குத் திரும்புவது.

எவ்வளவு துல்லியமாகத் திரும்ப வேண்டும்? கம்பியின் அதிர்வெண் அதன் இழுவையின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. 10 கனமுள்ள முதல் கம்பியின் இழுவை சுமார் 7.3 கிலோ. அதில் 1 சதவீதம், அதாவது வெறும் 73 கிராம் குறைந்தால், அதிர்வெண் அரை சதவீதம் இறங்கும். 329.6 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய கம்பி 328-இல் ஒலிக்கும். ஒரு அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் வரும் அலகு சென்ட். அந்தக் கணக்கில் இது 8 அல்லது 9 சென்ட். கார்டு பிடித்தால் காதில் நன்றாகவே உறைக்கும். 73 கிராம் அளவுக்கு உராய்வு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் போதும், கிட்டார் சுருதி விலகிவிடும்.

ஆகவே நாம் தேடுவது உராய்வை. பாரை அசைக்கும்போது மூன்று இடங்களில் அசைவு நடக்கிறது. பிரிட்ஜ் தகடு ஸ்க்ரூக்கள் மேல் சாய்கிறது. கம்பி நட்டில் முன்னும் பின்னும் வழுக்குகிறது. நட் என்பது கழுத்தின் தலைமாட்டில், கம்பிகள் காடிகளில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை அல்லது கறுப்புத் துண்டு. மூன்றாவதாக, தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் திருகின் தண்டில் சுற்றியிருக்கும் கம்பி இறுகித் தளர்கிறது. இந்தத் திருகையும் ட்யூனர் என்றே சொல்வார்கள். இந்த மூன்றில் எது சிக்கினாலும் வெளியே தெரிவது ஒரே விளைவு: சுருதி போச்சு. ஆனால் எந்தப் பக்கம் போச்சு என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

நட்டில் கம்பி சிக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாரை அமுக்கும்போது வாசிக்கும் பகுதியில் இழுவை குறைகிறது. நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவில் உள்ள சிறு துண்டில் இழுவை இன்னும் குறையவில்லை. அதனால் கம்பி கொஞ்சம் ட்யூனர் பக்கமாக நழுவுகிறது. பாரை விட்டதும் நழுவிய கம்பி திரும்பி வர வேண்டும். காடி கம்பியைக் கவ்விக்கொண்டால் அது வராது. வாசிக்கும் பகுதியில் கம்பி குறைந்து, இழுவை கூடி, சுருதி ஏறிவிடும். ஆக, பாரை அமுக்கி விட்ட பிறகு சுருதி ஏறியிருந்தால் நட்டின் மேல் சந்தேகப்படுங்கள்.

பிரிட்ஜ் சிக்குவது இதற்கு நேர் எதிர். அமுக்கிய பிரிட்ஜ் முழுதாகத் திரும்பாமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடியே நின்றுவிட்டால், எல்லாக் கம்பிகளும் தளர்வாகவே இருக்கும். ஆறும் இறங்கியிருக்கும். அதே பிரிட்ஜை மேல்நோக்கி இழுத்து விட்டால் ஆறும் ஏறியிருக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு: ஆறு கம்பிகளும் சேர்ந்து நகர்வது, பாரை எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே சுருதி தங்கிவிடுவது.

இந்தச் சோதனைக்கு கம்பிகள் ஓரளவு புதிதாக, ஏற்கெனவே நன்றாக இழுத்துப் பழக்கியவையாக இருக்க வேண்டும். நேற்று மாட்டிய கம்பியை வைத்துச் சோதித்தால் ஒன்றும் புரியாது; புதுக் கம்பி தானாகவே தளர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கத்தில் பிடித்து மெதுவாக மேலே இழுத்து, சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து, இறங்குவது நிற்கும்வரை செய்யுங்கள். அப்புறம் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, பாரை ஆழமாக அமுக்கி விட்டு, ஆறு கம்பிகளையும் ட்யூனர் கருவியில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிட்ஜ் உடலிலிருந்து சற்றுத் தூக்கி நிற்பதாக இருந்தால், மேலே இழுத்து விட்டும் ஒரு தடவை குறியுங்கள்.

பெரும்பாலும் வருவது இப்படித்தான்: மூன்றாவது கம்பி, அதாவது ஜி, கணிசமாக ஏறியிருக்கும். மற்றவை துளித் துளி இறங்கியிருக்கும். இதில் மற்ற ஐந்தின் மேல் தப்பில்லை. ஒரு கம்பியின் இழுவை கூடினால் பிரிட்ஜ் அந்தப் பக்கம் இம்மியளவு நகரும், மற்றவை தளரும். ஜி-யை மட்டும் கவனியுங்கள். நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவில் அந்தக் கம்பியை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். “டிங்” என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டு சுருதி மாறினால் அது நட்டேதான். கமகம் போல கம்பியை வளைத்து வாசிப்பவர்களுக்கும் இதே சத்தம் பழக்கமாக இருக்கும். வளைக்கும்போது கம்பி நட்டைத் தாண்டி வாசிக்கும் பகுதிக்குள் வந்து, அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்போது சுருதி ஏறாது, இறங்கும். நட்டுக்குப் பின்னால் அழுத்தினால் மறுபடி ஏறும்.

இப்படி ஒரு முடிவு வந்தால் தயவுசெய்து புது பிரிட்ஜ் வாங்காதீர்கள். ஒரு சாதாரண பென்சிலைக் கூராகச் சீவி, காடியில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். கிராஃபைட் நல்ல உயவுப்பொருள். அதில் தீரவில்லை என்றால் காடி கம்பியின் தடிமனைவிடக் குறுகலாக இருக்கலாம், குறிப்பாக நீங்கள் பழைய செட்டைவிடத் தடித்த கம்பி மாட்டியிருந்தால். அதற்கென்று உள்ள மெல்லிய அரங்களை வைத்து ஒரு கிட்டார் மெக்கானிக் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். எலும்பில் செய்த நட்டோ, கிராஃபைட் கலந்த நட்டோ புதிதாகப் போட்டாலும் பிரிட்ஜைவிட மலிவுதான். ட்யூனர் தண்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்திருந்தால் அதையும் இரண்டு மூன்று சுற்றாகக் குறையுங்கள். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து ஏற்றியே சேருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பிரிட்ஜ் ஆடாத கிட்டார்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். லெஸ் பால் வகையில் உள்ள ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜோ, டெலிகாஸ்டரின் அசையாத பிரிட்ஜோ சுருதி விலகக் காரணமாவது அபூர்வம். லெஸ் பாலில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். மூன்றாவது, நான்காவது கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பித்தான் ட்யூனருக்குப் போகும். காடியில் அவை சிக்குவதற்கு இதுவே போதும். அங்கே பிரிட்ஜ் மாற்றுவது சுருதிக்காகச் செய்ய வேண்டிய வேலை இல்லை.

சரி, உங்கள் தாளில் ஆறு கம்பிகளும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிரிட்ஜை உற்றுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நகைக்கடையில் முன்பு பெட்டித் தராசு வைத்திருப்பார்கள். அதன் தண்டு நடுவில் ஒரு கூரான எஃகு விளிம்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். விளிம்பு கூராக இருந்தால்தான் முள் ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் வந்து நிற்கும். விளிம்பு மழுங்கினால் தராசு தள்ளிய பக்கமே கொஞ்சம் தங்கிவிடும்; அந்தத் தராசில் தங்கம் நிறுக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்ட்ராட் பிரிட்ஜின் முன் விளிம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. தகட்டில் உள்ள ஆறு துளைகளும் நன்றாகச் செய்த பிரிட்ஜில் அடிப்பக்கம் சரிவாகக் குடையப்பட்டிருக்கும். ஸ்க்ரூவைத் தொடும் இடம் அதனால் மெல்லிய விளிம்பாக இருக்கும். தகடு அந்த விளிம்பில்தான் சாய்ந்து நிமிர்கிறது.

விலை குறைந்த பிரிட்ஜ்கள் சிலவற்றில் இந்தச் சரிவே இருக்காது. துளை நேராக, தகட்டின் முழுத் தடிமனுக்கும் ஒரே அகலத்தில் இருக்கும். அல்லது தகடு மென்மையான வார்ப்பு உலோகமாக இருக்கும். அதைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், துளையின் உள்ளோரத்தில் ஸ்க்ரூவின் மரை பதிந்து சின்னச் சின்னப் பற்களாகக் குழி விழுந்திருப்பது தெரியும். விரலால் தடவினால் கறுப்பாக உலோகத் தூள் ஒட்டும். அந்தப் பற்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தான் பிரிட்ஜ் ஒவ்வொரு தடவையும் நிற்கிறது. எண்ணெய் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். தேய்ந்த உலோகம் திரும்ப வராது. இந்த நிலையில் மாற்றுவதுதான் சரி.

ஆனால் கழற்றும் முன்பு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆறு ஸ்க்ரூக்களையும் பாருங்கள். கிட்டார் வந்தபோதே ஆறையும் இறுக்கி அமுக்கி வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். அப்படி இருந்தால் எந்தத் தகடும் சுதந்திரமாகச் சாயாது. ஃபெண்டரே தன் வழிகாட்டுதலில் ஒரு முறை சொல்கிறது: பாரை இழுத்து பிரிட்ஜ் உடலோடு படியும்படி பிடித்துக்கொண்டு, ஆறு ஸ்க்ரூக்களின் தலையும் தகட்டின் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி தளர்த்த வேண்டும். பிறகு இரு ஓரங்களிலும் உள்ள ஸ்க்ரூக்களை மட்டும் தலை தகட்டைத் தொடும் அளவுக்கு இறக்க வேண்டும். இனி பிரிட்ஜ் அந்த இரண்டின் மேல் மட்டுமே சாயும். நடுவில் உள்ள நான்கும் பக்கவாட்டில் நகராமல் காவல் நிற்கும். இதைச் செய்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். பலருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஸ்க்ரூ மரத்திலேயே ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பாரை அசைக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சாய்ந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். கடினமான மரக்குச்சியைப் பசையோடு அடித்து அடைத்து, புதிதாகத் துளையிட வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த பிரிட்ஜை மாட்டினாலும் அதுவும் ஆடத்தான் செய்யும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வேமி பாரை நீங்கள் தொடுவதே இல்லை என்றால், ஐந்து ஸ்பிரிங்குகளையும் மாட்டி கிளாவை இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படுக்க வைத்துவிடலாம். கம்பியை வளைத்தாலும் பிரிட்ஜ் எழாது, ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை சுருதியில் நிற்கும். தூக்கி நிற்கும் பிரிட்ஜில் இந்த இரண்டும் கிடைக்காது. அதில் ஒரு கம்பியை வளைத்தால் மற்றவை தளர்வது இயல்பு. அதைக் குறை என்று நினைத்து யாரும் பிரிட்ஜ் வாங்க வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் முன்னால் மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது, அதே ஆறு துளைகளில் உட்காரும் தரமான எஃகு பிரிட்ஜ். மரத்தில் எந்த வேலையும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆறு ஸ்க்ரூ என்றாலே சுருதி நிற்காது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது; நான் அதை ஏற்கவில்லை. பிஆர்எஸ் கிட்டார்களின் ட்ரெமோலோவும் (ஆடும் பிரிட்ஜுக்கு இன்னொரு பெயர்) ஆறு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அந்த ஸ்க்ரூக்களில் ஒரு பள்ளம் வெட்டி, தகட்டின் விளிம்பு அதில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். நன்றாகவே திரும்புகிறது. விளிம்பும் அது உட்காரும் இடமும் சரியாக இருந்தால் எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை.

இரண்டாவது, இரண்டு தடித்த தூண்களின் மேல் நிற்கும் பிரிட்ஜ். 1980-களின் பிற்பகுதியில் ஃபெண்டர் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்டில் இதைக் கொண்டுவந்தது. வில்கின்சன், கோட்டோ போன்ற பெயர்களில் கிடைப்பவற்றில் பலவும் இந்த வகை. உராயும் இடங்கள் இரண்டுதான், அதனால் சரியாக அமைப்பது சுலபம். உங்கள் கிட்டாரில் ஏற்கெனவே இரண்டு தூண் இருந்தால் தயங்காமல் இதே வகையில் நல்லதாக வாங்குங்கள். ஆறு ஸ்க்ரூ கிட்டாரை இதற்கு மாற்ற வேண்டுமானால் பழைய துளைகளை அடைத்து, தூண்களுக்குப் புதிதாகப் பெரிய துளை போட வேண்டும். ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 648 மி.மீ.; துளை கொஞ்சம் இடம் தப்பினாலும் சாடிலை எவ்வளவு நகர்த்தியும் சுரம் சரியாக விழாது. அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது ஃப்ளாய்ட் ரோஸ். 1979-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டிவிடுகிறது. நட்டில் வழுக்கல் என்ற பேச்சே இல்லை, ட்யூனருக்கும் வேலை இல்லை. கம்பி முழுக்கத் தளரும்வரை அமுக்கி விட்டாலும் அப்படியே திரும்பி வரும். ஆனால் மரத்தை நிறையக் குடைய வேண்டும், நட் இருக்கும் இடத்தையும் வெட்ட வேண்டும், பிறகு திரும்பிப் போக முடியாது. அப்படித்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த பிரிட்ஜோடு வரும் கிட்டாரையே வாங்குவது நல்லது.

முதல் பாதைக்கே வருவோம். வாங்கும் முன் அளக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிரிட்ஜ் பெட்டியிலேயே கிடக்கும். ஒரு ஓர ஸ்க்ரூவின் நடுப்புள்ளியிலிருந்து மறு ஓர ஸ்க்ரூவின் நடுப்புள்ளி வரை அளங்கள். பழைய ஃபெண்டர் அளவு 56.4 மி.மீ. இன்னொரு பரவலான அளவு 52.4 மி.மீ.; ஆசியாவில் செய்யும் கிட்டார்கள் பலவற்றில் இதையொட்டிய அளவே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 மி.மீ. மட்டும்தான் என்பதால் கண்ணால் பார்த்தால் தெரியாது. அடுத்து பிளாக்கின் உயரம். வழக்கமான ஸ்ட்ராட்டின் உடல் 44 மி.மீ. தடிமன், அதைவிட மெலிந்த உடல்களும் உண்டு. அதில் முழு உயர பிளாக்கை மாட்டினால் பின்பக்கம் துருத்திக்கொண்டு மூடி போட முடியாது. கடைசியாக, பாரின் மரை அளவு பிரிட்ஜுக்கு பிரிட்ஜ் மாறும். பழைய பார் புதியதில் ஏறும் என்று நம்பாமல், பாரோடு சேர்த்தே வாங்குங்கள். எஃகு பிளாக்கா பித்தளை பிளாக்கா என்ற விவாதம் ஒலியைப் பற்றியது. சுருதிக்காக வாங்குபவர்கள் அதில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கலாம். கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் எப்படி மாட்டியிருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாவில் ஒரு வயர் சால்டர் செய்திருக்கும். அதுதான் கம்பிகளை எர்த்தோடு இணைப்பது. அறுந்தால் ஆம்ப்பில் இரைச்சல் கூடும், பத்திரம். கிளா ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்திய பிறகு, ஸ்பிரிங்குகளை ஒரு கையால் துணியால் மூடியபடி இடுக்கியால் கழற்றுங்கள். முன்பக்கம் ஆறு ஸ்க்ரூக்களையும் எடுத்தால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.

புது பிரிட்ஜை வைத்து, ஆறு ஸ்க்ரூக்களையும் கையால் நேராக இறக்கி, மேலே சொன்ன 1.6 மி.மீ. முறையில் அமைக்கவும். ஓர ஸ்க்ரூக்கள் தகட்டைத் தொடும் இடத்தில் குண்டூசி முனையளவு கிரீஸ் போதும். பாரைச் செருகும் முன்பு தகட்டையே கையால் சாய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாத நிலையில் அது எங்கும் பிடிக்காமல் சாய்ந்து வர வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் கரகரப்பு தெரிந்தால் நடுவில் உள்ள ஸ்க்ரூக்களில் ஒன்று துளையின் சுவரில் இடிக்கிறது. அதை இன்னும் அரைச் சுற்று தளர்த்துங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைக் கம்பி மாட்டிய பிறகு செய்ய முடியாது.

பிறகு மூன்று ஸ்பிரிங்குகளை மாட்டி, புதுக் கம்பிகளைப் போடுங்கள். இங்கேதான் புதியவர்கள் மணிக்கணக்கில் தவிப்பார்கள். ஒரு கம்பியைச் சேர்த்தால் பிரிட்ஜ் எழும்பி மற்றவை இறங்கும். அவற்றைச் சேர்த்தால் முதல் கம்பி இறங்கும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3.2 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும் என்பது ஃபெண்டரின் அளவு. பிரிட்ஜை அந்த உயரத்தில் பிடித்து வைக்க, தகட்டுக்கு அடியில் அதே தடிமனில் ஒரு மரச் சில்லைச் செருகுங்கள். ஸ்பிரிங் பலமாக இழுக்கும்படி கிளாவைக் கொஞ்சம் இறுக்கியே வையுங்கள். தகடு சில்லின் மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கும். இனி அசையாத பிரிட்ஜில் சேர்ப்பதுபோல ஆறு கம்பிகளையும் சேர்த்துவிடலாம். சேர்த்து, கம்பிகளை இழுத்துப் பழக்கி, மறுபடி சேர்த்த பிறகு, கிளா ஸ்க்ரூக்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். சில்லு தானாகக் கழன்று வரும் நொடியில் நிறுத்திவிடுங்கள். சமநிலை அதுவேதான்.

அப்புறம் சாடில் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி சுமார் 1.6 மி.மீ. இடைவெளியில் நிற்பது பொதுவாக நல்ல தொடக்கம். ஃப்ரெட்டில் உராய்ந்து சத்தம் வந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். உயரம் முடிந்த பிறகே இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுரம் சரியாக விழும்படி சாடிலை நகர்த்துவது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டினால் வரும் ஹார்மோனிக்ஸ் ஒலியையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. கழுத்தின் மேற்பகுதியில் வாசிக்கும்போது மட்டும் சுரம் தப்புகிறது என்பவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இது மட்டும்தான். சுருதி நிற்காததோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பழைய தாளை எடுத்து அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆறும் சேர்ந்து நகர்வது நின்றிருக்க வேண்டும். ஏதாவது ஒரு கம்பி மட்டும் இப்போது ஏறி நின்றால், முன்பு பிரிட்ஜின் குறைக்கு அடியில் மறைந்திருந்த நட்டின் குறை வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம், பென்சிலை எடுங்கள். இரண்டு தூண் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உயரத்தை மாற்ற வேண்டும் என்றால் கம்பிகளை நன்றாகத் தளர்த்திய பிறகே தூண்களைத் திருகுங்கள். முழு இழுவையோடு திருகினால் தூண் விளிம்பை அரைத்துவிடும். பழைய பிரிட்ஜை அதன் ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.